டைப் அடித்துக் கொடுத்த மனைவிக்கு

புனே
11.11.2024

அன்புள்ள பிரவீனாவுக்கு,

நான் நலம். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். என் போன் நம்பரை நீ பிளாக் செய்து ஒரு வருஷம் ஆகிறது. மெயில் போட்டால் போன இடம் தெரியவில்லை. அதனால்தான் சூலூர் காலேஜ் விலாசத்துக்குத் தபால். ஸ்டாஃப் ரூமில் நாலு பேர் பார்ப்பார்களே என்று கூச்சப்படாதே. புருஷன் பெண்டாட்டிக்குக் கடிதம் போடுவதில் என்ன தப்பு?

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. கேன்டீன்காரன் பருப்பில் சர்க்கரை போடுகிறான். ஒவ்வொரு நாளும் உன் அரிசிம்பருப்பு சாதத்தை நினைத்துக்கொண்டே அதை விழுங்குகிறேன். என்ன இருந்தாலும் சமையலில் உன்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு நீதான் கூட இருந்தாயாம். கதிர்வேல் சித்தப்பா சொன்னார். சந்தோஷம். எனக்கு அந்த வாரம் ஒரு கருத்தரங்கு, நகர முடியவில்லை.

ஒரு சின்ன உதவி. என் 2019 பேப்பரின் தொடர்ச்சியாக ஒன்று எழுதி அதே ஜர்னலுக்கு அனுப்பியிருக்கிறேன். அதைப் படித்துத் தரம் பார்க்கும் ரெஃபரி, பழைய பேப்பரில் லெம்மா 7-இன் கடைசிப் பத்தியைக் கொஞ்சம் விரித்து எழுதித் தரச் சொல்கிறார். யாரென்று தெரியாது, நம் கணிதத் துறையில் ரெஃபரியின் பெயர் சொல்வதில்லையே. அது என் பழுப்பு அட்டை நோட்டில் விரிவாக இருக்கும். பீரோவுக்கு மேலே பார். கிடைத்தால் கூரியரில் அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அருள்குமார்


சூலூர்
20.11.2024

மதிப்புக்குரிய உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் பயந்த மாதிரியே ஸ்டாஃப் ரூமில் நாலு பேர் பார்த்தார்கள். ஸ்டாம்ப் ஒட்டிய கவரைப் பார்த்து வெகு நாளாயிற்று என்று கெமிஸ்ட்ரி மெஹராஜ் மேடம் ஸ்டாம்பை மட்டும் கிழித்து வாங்கிக்கொண்டார்.

பழுப்பு நோட்டு இல்லை. 2020 டிசம்பரில் நீங்கள் பெட்டி கட்டும்போது, “எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குது அம்மணி, இந்த நோட்டெல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுரு” என்றீர்கள். போட்டுவிட்டேன். நீங்கள் சொல்லி நான் செய்யாத வேலை எது?

அத்தைக்கு வலது கண் இப்போது நன்றாகத் தெரிகிறது. கட்டு அவிழ்த்ததும் கருமத்தம்பட்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். “வாரேன் வாரேங்கறான் கண்ணு, வந்தபாட்டக் காணோம்” என்றார். கருத்தரங்கு என்று அப்போது எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

எனக்கு இந்த செமஸ்டர் வாரத்துக்கு இருபது மணி நேரம் வகுப்பு. அதற்கு மேல் ஆய்வுக்குழு வருகிறது என்று கோப்பு கட்டும் வேலை. எம்.எஸ்ஸி. பிள்ளைகள் தேற்றங்களை வரி வரியாக மனப்பாடம் செய்து எழுதுகிறார்கள். நடுவில் நாலு வரி விட்டுப்போனாலும் ‘ஆகவே நிரூபிக்கப்பட்டது’ மட்டும் தவறாமல் வந்துவிடும்.

ரெஃபரி சரியாக என்ன கேட்டிருக்கிறார்? அவருடைய வார்த்தையில் எழுதுங்கள்.

இன்னொன்றும் நினைவுபடுத்துகிறேன். பரஸ்பர சம்மத விவாகரத்து மனு வக்கீல் அப்துல் நாசர் ஆபீசில் இரண்டு வருஷமாகக் கிடக்கிறது. என் கையெழுத்து இருக்கிறது. உங்கள் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

பிரவீனா


புனே
2.12.2024

அன்புள்ள பிரவீனாவுக்கு,

கையெழுத்து எங்கே ஓடிப்போகிறது? அதைப் பிறகு பேசுவோம். நீ இப்போதும் என் அம்மாவை அத்தை என்றுதான் எழுதுகிறாய். அதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

சரி, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. விஷயம் நான் எழுதியதைவிடக் கொஞ்சம் பெரியது. அந்தத் துணைத்தேற்றம், லெம்மா 7, இரண்டு பாதி. ஒரு குரூப்புக்கு அந்தப் பேப்பரில் நான் வரையறுத்த குணம் இருந்தால், அதற்குள் அடங்கிய ஒவ்வொரு சப்குரூப்புக்கும் அந்தக் குணம் இருக்கும். இது முதல் பாதி. முழுப் பக்கத்துக்கு நிரூபித்திருக்கிறேன். அந்தக் குரூப்பைச் சுருக்கிக் கிடைக்கும் கோஷண்ட் குரூப்புக்கும் அதே குணம் இருக்கும். இது இரண்டாம் பாதி. இதற்கு நான் எழுதியது ஒரே சொல்: ‘இதேபோல்.’ ரெஃபரி கேட்பது இதுதான்: “இதேபோல் என்றால் எதைப்போல்?”

நக்கல் பிடித்த ஆள். எல்லோரும்தான் அப்படி எழுதுகிறார்கள். ஆனால் உட்கார்ந்து போட்டுப் பார்த்தால் எனக்கு வர மாட்டேன் என்கிறது. ஒரு மாதமாக வரவில்லை. முழுத் தேற்றமும் அந்தச் சொல்லின் மேல்தான் நிற்கிறது. அந்தத் தேற்றத்தைக் காட்டித்தான் எனக்கு இங்கே வேலை கிடைத்தது. பிப்ரவரி இருபதாம் தேதி என்னை நிரந்தரம் செய்வதா என்று கமிட்டி கூடுகிறது. இல்லை என்றால் ஜூனோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். முப்பத்தெட்டு வயதில் கருமத்தம்பட்டிக்கு வந்து தறி ஓட்டச் சொல்கிறாயா?

உனக்குக் கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பார்க்கும் கை உண்டு. பெரிய யோசனை வராது, ஆனால் கை சுத்தம். உன் பழைய பிஎச்.டி. கைடே அதைச் சொல்வார். கிறிஸ்துமஸ் லீவில் உட்கார்ந்து அந்த இரண்டாம் பாதியை எழுதிக் கொடு. அடுத்த பேப்பரில் உன் பெயரைப் போடுகிறேன். நீ டைப் அடித்த பழைய ஃபைலைத் திறந்தேன், சிரிப்பு வந்தது. மேலேயே ‘% கேஸ் புக் பண்ணணும்’ என்று எழுதி வைத்திருக்கிறாய்! பேப்பருக்கு நடுவில் வீட்டுக் கணக்கு எழுதும் பழக்கம் உன்னைத் தவிர யாருக்கு வரும்? சதவீதக் குறி போட்ட வரிதான் அச்சில் வராதே என்று நான் ஒருநாளும் அவற்றைப் படித்ததில்லை. இப்போதும் அதற்கு மேல் படிக்கவில்லை.

இந்த முறை நீ எனக்குக் கைகொடுத்தால் மற்றதை எல்லாம் மறந்துவிடலாம். புனேயில் பள்ளிக்கூடங்கள் நிறைய. உனக்கும் ஒரு வேலை பார்க்கலாம்.

உன்,
அருள்


சூலூர்
16.12.2024

மதிப்புக்குரிய உங்களுக்கு,

கிறிஸ்துமஸ் லீவு வரை காத்திருக்கவில்லை. போன வாரம் உள் தேர்வு நடந்தது. யார் எழுதியது என்று சொல்லாமல் உங்கள் இரண்டாம் பாதியை எம்.எஸ்ஸி. வினாத்தாளில் கடைசிக் கேள்வியாகப் போட்டேன். “சரியா, தவறா? காரணம் கூறுக. 5 மதிப்பெண்.”

இருபத்துநாலு பேர் எழுதினார்கள். இருபத்துமூன்று பேர் ‘சரி, இதேபோல் நிரூபிக்கலாம்’ என்று எழுதியிருந்தார்கள். அத்தனை பேருக்கும் முட்டை போட்டேன். அதே விடைக்கு உங்களுக்கு வேலை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

கோட்டைமேட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் இல்மா மட்டும் ‘தவறு’ என்று எழுதினாள். காரணம் எழுத நேரம் போதவில்லை. மறுநாள் காலை முதல் பீரியடுக்கு முன்னால் வந்து, “மேடம், எனக்குத் தூக்கமே வரலைங்க” என்று ஒரு தாளை நீட்டினாள். அறுபத்துநாலு உறுப்புள்ள ஒரு குரூப். அதற்கு உங்கள் குணம் இருக்கிறது. அதன் ஒரு கோஷண்டுக்கு இல்லை. அறுபத்துநாலு இரண்டின் அடுக்கு, இரண்டுக்கு மட்டும்தான் இப்படி என்று தப்பித்துக்கொள்ளவும் முடியாது. மூன்றை வைத்துக் கட்டினால் எழுநூற்று இருபத்தொன்பது. எந்தப் பகா எண்ணை வைத்துக் கட்டினாலும் அப்படி ஒன்று கிடைக்கும். உங்கள் தேற்றத்தில் மிச்சம் எதுவும் இல்லை. தாளை நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். நானும் சரிபார்த்தேன். கை சுத்தம்தானே.

உங்களுக்கு இது புதிது. எனக்குப் புதிதில்லை. 2019 ஜூன் 12, புதன்கிழமை, சாயங்காலம். சிங்காநல்லூர் வீட்டுச் சமையலறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு டைப் அடித்துக்கொண்டிருந்தேன். “ஏனுங்க, இந்த லெம்மா ஏழு கோஷண்டுக்கு வராதுங்க. அறுபத்துநாலுலயே உடஞ்சு போகுதுங்க” என்றேன். நீங்கள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “நீ அடிச்சுக் குடு அம்மணி. யோசிக்கற வேல என்னுது” என்றீர்கள். இன்னொரு முறையும் சொன்னேன். “ஆராய்ச்சிய உட்டுப்போட்டு வந்தவளுக்கு எதுக்கு இந்தப் பேச்சு?” என்றீர்கள்.

நான் விட்டுவிட்டு வரவில்லை. என் கைடிடம் போய், ‘குடும்பச் சூழ்நிலை, அவள் தொடர மாட்டாள்’ என்று பேசி முடித்துவிட்டு வந்தவர் நீங்கள். மூன்று வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். இதை இதுவரை நான் உங்களுக்கு எழுதியதில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

சரி. நல்லபடியாக ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். ஜர்னலுக்கு நீங்களே எழுதுங்கள். லெம்மா தவறு, பேப்பரைத் திரும்பப் பெறுகிறேன் என்று இரண்டு வரி. தப்பு செய்யாத கணக்குக்காரர் கிடையாது, ஒப்புக்கொண்டவரை நம் துறை மதிக்கும். கமிட்டியும் ஒருவேளை மதிக்கலாம். நான் முன்னாலேயே சொன்னேன் என்று யாரிடமும் வாயைத் திறக்க மாட்டேன். இது என் வாக்கு.

புனேயில் பள்ளிக்கூட வேலை வேண்டாம். மனுவில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், போதும்.

பிரவீனா


புனே
6.1.2025

பிரவீனா,

உன் கடிதத்தைப் படித்து மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. லெம்மா போனதற்காக இல்லை. என் மானத்தை ஐந்து மார்க் கேள்வியாக்கி, யார் வீட்டுப் பெண்ணோ திருத்தும்படி செய்தாயே, அதற்காக.

நீ 2019-இல் சொன்னதாக எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படி எதுவும் நினைவில் இல்லை. யார் கேட்டார்கள்? என்ன சாட்சி? ஐந்து வருஷம் கழித்து ஒரு மாணவி கண்டுபிடித்ததைத் தனதென்று சொல்லிக்கொள்ள யாராலும் முடியும். உன்னிடம் இந்தச் சின்னப் புத்தி எப்போதும் உண்டு. ஆராய்ச்சி உனக்கு வராது என்று கைடிடம் நான் சொன்னது உண்மைதான். அது உன்மேல் வைத்த கருணை. தோற்றுவிட்டு வந்து அழுவதற்கு முன்னால் நிறுத்தினேன். இங்கே கணிதத் துறை விருந்துக்கு உன்னை ஒருமுறையாவது கூட்டிப் போயிருப்பேனா? நீ அங்கே யாரிடம் என்ன பேசுவாய்?

நான் என்ன செய்திருக்கிறேன் என்று தெரிந்துகொள். ஜர்னல் எடிட்டருக்கும் எங்கள் கமிட்டிக்கும் எழுதிவிட்டேன். என் கைப்பிரதியில் லெம்மா 7-க்கு ஒரு கூடுதல் நிபந்தனை இருந்தது. டைப் அடிக்கும்போது அந்த வரி விட்டுப்போய்விட்டது. டைப் அடித்தவர் கணிதத்தில் முழுப் பயிற்சி இல்லாதவர், பேப்பரின் முடிவில் அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன், பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவுதான். கைப்பிரதியை நீ பழைய பேப்பரில் போட்டது நல்லதாகப் போயிற்று. நிபந்தனையைச் சேர்த்துத் திருத்தம் ஒன்று எழுதிவிடுவேன், தேற்றம் கொஞ்சம் சுருங்கும், சாகாது.

இதனால் உனக்கு என்ன நஷ்டம்? சூலூரில் இந்த ஜர்னலை யார் படிக்கப் போகிறார்கள்? எடிட்டர் உனக்கு மெயில் போடலாம். ‘ஆம், ஒரு வரி விட்டுப்போனது, என் கவனக்குறைவு’ என்று மட்டும் பதில் எழுது. வேறு ஒரு சொல்லும் வேண்டாம். நீ அதை எழுதிய அன்றைக்கே மனுவில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். எழுதாவிட்டால் உயிருள்ளவரை போட மாட்டேன். கோர்ட்டுக்குப் போனால் பத்து வருஷம் இழுப்பேன். நாற்பத்தைந்து வயதில் விடுதலை வாங்கி என்ன செய்வாய்?

யோசித்து நட.

அருள்குமார்


சூலூர்
18.1.2025

அருள்குமார் அவர்களுக்கு,

உங்களைப் பெயர் சொல்லி எழுதுவது இதுதான் முதல் முறை. கை கூசும் என்று நினைத்தேன், கூசவில்லை.

பொங்கலுக்குக் கருமத்தம்பட்டி போயிருந்தேன். உங்கள் கடிதத்தை அத்தையிடம் காட்டினேன். ஆபரேஷன் ஆன கண்ணால் எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தார். “இது அவங்கையெழுத்துதானுங்களா அத்தே?” என்று கேட்டேன். “அவனுதுதான் சாமி” என்றார். மூலத்தை வக்கீல் அப்துல் நாசரிடம் கொடுத்துவிட்டேன். பொய் எழுதினால் விடுதலை, எழுதாவிட்டால் பத்து வருஷம் என்று புருஷனே கைப்பட எழுதி, தேதி போட்டுக் கொடுத்த காகிதம் தன் சர்வீஸில் வந்ததில்லை என்றார். இனிச் சம்மத மனு வேண்டாம், கொடுமை என்றே வழக்குப் போடலாம் என்கிறார். நீங்கள் மெயிலில் எழுதியிருந்தால் பிளாக்கில் போயிருக்கும். தபாலில் எழுதியதற்கு நன்றி.

இனி லெம்மா.

நீங்கள் சொன்னபடியே எடிட்டர் மெயில் போட்டார். பொங்கலுக்கு முதல் நாள் வந்தது. என்னைத் தேட அவருக்குச் சிரமம் இருந்திருக்காது. ‘டைப் அடித்துக் கொடுத்த மனைவி பிரவீனாவுக்கு நன்றி’ என்று நீங்களே பேப்பரில் அச்சடித்து வைத்திருக்கிறீர்கள். ஒரு வரி விட்டுப்போனதா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். நான் பதிலில் ஒரே ஒரு வாக்கியம் எழுதினேன். பேப்பரின் டைப் ஃபைலைத் திறந்து 412-ஆம் வரியிலிருந்து படியுங்கள் என்று.

அச்சுக்கு முன்னால் பேப்பரை எல்லோரும் ஏற்றிவைக்கும் தளத்தில் 2019 ஜூன் 13 காலை நீங்களே அந்த ஃபைலை ஏற்றினீர்கள். பட்டனை அமுக்கியதும் நீங்கள்தான். அங்கே பேப்பர் மட்டும் நிற்பதில்லை, டைப் அடித்த ஃபைலும் அப்படியே நிற்கிறது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஏற்றிய தேதி மாறாது, பழைய ஃபைலை நீக்கவும் முடியாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். சதவீதக் குறி போட்ட வரி அச்சில் வராது என்பதும் தெரியும். அந்த வரிகளை நீங்கள் ஒருநாளும் படித்ததில்லை என்று டிசம்பரில் எழுதினீர்கள். அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு ஸ்டாஃப் ரூம் என்றும் பாராமல் சிரித்தேன்.

நான் நல்லவள் இல்லை. அந்த வரிகளை எழுதிய அன்றைக்கு, நீங்கள் படித்துவிட்டுத் திருத்துவீர்கள் என்றுதான் நினைத்தேன். ஏற்றிய பிறகும் ஒரு மாதம் நினைத்தேன். அதற்கப்புறம் நினைக்கவில்லை. உங்களுக்கு வேலை கிடைத்தபோது, நீங்கள் மாலையோடு நிற்கும் போட்டோ குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்தபோது, நான் ஸ்கூல் டீச்சர் என்று நீங்கள் யாரிடமோ சொல்லிச் சிரித்தது என் காதுக்கு வந்தபோது, ஒவ்வொரு தடவையும் 412 என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். சந்தோஷமாக இருந்தது. அதற்காக வெட்கப்பட வேண்டும் என்று தெரிகிறது, வெட்கம் வரவில்லை. ஆனாலும் டிசம்பரில் உங்களுக்கு வழி விட்டேன். இரண்டு வரி எழுதியிருந்தால் யாரும் அந்த ஃபைலைத் திறந்திருக்கப் போவதில்லை. டைப் அடித்தவள்மேல் பழி போட்டு, திறக்க வைத்தது நீங்கள்.

நேற்று எடிட்டரின் பதில் வந்தது. பேப்பரை ஜர்னலே திரும்பப் பெறுகிறது. காரணத்தோடு அறிவிப்பு வரும், நகல் உங்கள் கமிட்டிக்கும் போகிறது. எதிர் உதாரணத்தை இரண்டு பக்கக் குறிப்பாக எழுதி அனுப்பச் சொன்னார். இல்மாவும் நானும் எழுதிக்கொண்டிருக்கிறோம். நம் வழக்கப்படி பெயர்கள் அகர வரிசையில் வரும், அவள் பெயர் முதலில். நான் திரும்ப பிஎச்.டி. பதிவு செய்ய மனுக் கொடுத்திருக்கிறேன். இந்த முறை கைடிடம் பேச வீட்டில் ஆள் இல்லை, நானே பேசினேன்.

நீங்கள் ஃபைலைத் திறந்து பார்க்கவே மாட்டீர்கள் என்று தெரியும். அதனால் இங்கேயே எழுதுகிறேன். அங்கே முதல் மூன்று வரி இங்கிலீஷில் இருக்கிறது.

% லெம்மா 7 கோஷண்டுக்குத் தவறு. அறுபத்துநாலு உறுப்புள்ள இந்தக் குரூப்பைப் பார்க்க. (கீழே பதினோரு வரி கணக்கு.)
% அவரிடம் இரண்டு முறை சொன்னேன். டைப் மட்டும் அடிக்கச் சொன்னார்.
% அடித்துவிட்டேன். பிரவீனா, 12.6.2019
% paal rendu packet, avarukku tea

எடிட்டருக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. கடைசி வரிக்கு மட்டும் அர்த்தம் கேட்டிருந்தார், அதுவும் ஏதாவது நிபந்தனையோ என்று. இல்லை, பால் இரண்டு பாக்கெட் வாங்க வேண்டும், அவருக்கு டீ போட வேண்டும் என்று எழுதினேன்.

அன்றைக்கு டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை கம்மி என்றீர்கள்.

பிரவீனா